நடுவிலேயே நிற்கும் முள்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் காரைக்காலிலிருந்து திருநள்ளாறுக்குக் காரில் கிளம்பினால், அந்த ஐந்து கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று உள்ளூர்க்காரர்கூடச் சொல்ல மாட்டார். முன்னால் வெளியூர் வேன், பின்னால் சுற்றுலா பஸ், இரண்டு பக்கமும் எள் விளக்கு விற்கிறவர்கள். ஏ.சி. ஓடுகிறது; கார் ஓடவில்லை. வெயில் பானெட்டைக் காய்ச்சி எடுக்கிறது. இத்தனைக்கும் நடுவில் டாஷ்போர்டில் ஒரே ஒரு முள் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் நட்ட நடுவில் நிற்கிறது. அது டெம்பரேச்சர் மீட்டர் முள்.

அதே கார் இரவு பத்து மணிக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத கிழக்குக் கடற்கரைச் சாலையில் எண்பதில் போகிறது. கடல் காற்று ஜில்லென்று வீசுகிறது. முள்? அதே இடம்.

பெட்ரோல் முள் இறங்குகிறது. ஸ்பீடு முள் ஏறி இறங்குகிறது. ஆர்.பி.எம். முள் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டாலே துள்ளுகிறது. இந்த ஒன்று மட்டும் ஏன் தவம் செய்கிறது? இன்ஜின் சூடு அவ்வளவு சீராகவா இருக்கிறது?

இல்லை. முள்ளை அப்படி நிற்க வைத்திருக்கிறார்கள்.

இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட், ஓர் அளவுக்குச் சூடாகும்வரை ரேடியேட்டர் பக்கம் போக முடியாது. தெர்மோஸ்டாட் என்ற வால்வு வழியை அடைத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அது 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கிறது. நெரிசலில் மாட்டிக்கொண்டால் சூடு மேலும் ஏறும். 95-லிருந்து 100 டிகிரிக்குள் எங்கேயோ ஒரு புள்ளியில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். ஆக, நோய் நொடி இல்லாத காரிலேயே பத்துப் பதினைந்து டிகிரி ஏற்ற இறக்கம் சர்வ சாதாரணம்.

முள் இதையெல்லாம் அப்படியே காட்டினால் என்ன நடக்கும்? ஓட்டுகிறவர் பதறுவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவரைவிடப் பதறுவார். மறுநாள் காலை சர்வீஸ் சென்டர் வாசலில் கார் நிற்கும். பழுதே இல்லாத காருக்கு மெக்கானிக் என்ன சொல்லி அனுப்புவார்? கார் கம்பெனிகள் இந்தத் தலைவலிக்கு எளிய வழி கண்டுபிடித்தன. குறிப்பிட்ட இரண்டு வெப்பநிலைகளுக்கு நடுவில் சூடு எதுவாக இருந்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும்படி செய்துவிட்டார்கள். பழைய கார்களில் இதை மீட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன எலெக்ட்ரானிக் பாகங்கள் செய்தன. இப்போது மென்பொருளே பார்த்துக்கொள்கிறது.

வோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி கார்களின் முள் இதற்குப் பேர்போனது. கூலன்ட் சுமார் 75 டிகிரியைத் தொட்டதும் முள் 90-க்குப் போய் உட்கார்ந்துவிடும். உண்மையான சூடு 105-ஐ நெருங்கினாலும் அது 90 என்றே சாதிக்கும். எண் போட்ட மீட்டரிலேயே இந்தக் கதை என்றால், வெறும் ‘சி’, ‘எச்’ எழுத்துகளும் நடுவில் நான்கு கோடுகளும் போட்ட மீட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதில் பொய் இருக்கிறதா என்றால், அரைப் பொய் என்று சொல்லலாம். ‘எத்தனை டிகிரி?’ என்ற கேள்விக்கு அந்த முள் பதில் சொல்லவில்லை. ‘கவலைப்படலாமா, வேண்டாமா?’ என்ற கேள்விக்குத்தான் சொல்கிறது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பற்றி டாக்டரிடம் கேட்டால், தெர்மாமீட்டரைக் காட்டாமல் “நல்லாத்தான் இருக்கான், போங்க” என்று தோளைத் தட்டி அனுப்புகிற மாதிரி.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், டாக்டர் பதறும்போது நேரம் கடந்திருக்கும். நடுவிலிருந்து முள் அசைய ஆரம்பித்தால், சூடு ஏற்கெனவே வழக்கமான எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அங்கிருந்து சிவப்புக் கோட்டுக்குப் போக அதற்கு அதிக நேரம் பிடிக்காது. இன்றைய இன்ஜின்களின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம், வார்ப்பிரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிகிறது. அளவு மீறிய சூட்டில் ஹெட் வளைந்துவிட்டால் கேஸ்கெட் போகும், கூலன்ட்டும் ஆயிலும் கலக்கும், வெள்ளைப் புகை கிளம்பும். அதன் பிறகு வரும் பில்லைப் பார்த்து, பழைய காராக இருந்தால் விற்றுவிடலாமா என்றுதான் யோசிக்கத் தோன்றும். ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்திருந்தால் ஒரு ரப்பர் ஹோஸ், அல்லது ஒரு ஃபேன் ரிலேயோடு முடிந்திருக்கும்.

ஆரம்ப காலத்தில் கார்களில் இந்த ஒளிவு மறைவு கிடையாது. 1910-களில் அமெரிக்காவில் ‘பாய்ஸ் மோட்டோமீட்டர்’ என்று ஒன்று புழக்கத்துக்கு வந்தது. ரேடியேட்டர் மூடியின் மேலேயே ஒரு தெர்மாமீட்டர். ஓட்டுகிறவர் கண்ணாடி வழியாகப் பார்த்தால் திரவம் ஏறுவது தெரியும். பிறகு ரேடியேட்டர் பானெட்டுக்குள் ஒளிந்துகொண்டது, மீட்டர் டாஷ்போர்டுக்கு வந்தது. அப்புறம் அதுவும் குறைந்துபோய், ஹோண்டா ஜாஸ், சிட்டி மாதிரிப் பல கார்களில் முள்ளே இல்லாமல் போனது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. நடுவில் எதுவும் இல்லை. ஒரு விதத்தில் அந்த விளக்கு நேர்மையானது. அளந்து சொல்கிற மாதிரி நடிக்கவாவது இல்லை.

குடும்பக் கார்களில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சண்டை கிளம்பியது ஸ்போர்ட்ஸ் கார் உலகத்தில். 1989-ல் ஜப்பானின் மஸ்டா கொண்டுவந்த எம்.எக்ஸ்-5 என்ற இரண்டு பேர் உட்காரும் திறந்த கார், இதுவரை 10 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். முதலில் வந்த கார்களில் ஆயில் பிரஷர் மீட்டர் நிஜமான மீட்டர். ஆர்.பி.எம். ஏறினால் முள்ளும் ஏறும். 1990-களின் நடுவில் அதை மாற்றிவிட்டார்கள். பார்க்க அதே மீட்டர், அதே முள். ஆனால் உள்ளே இருப்பது வெறும் ஸ்விட்ச். கொஞ்சம் பிரஷர் இருந்தாலே முள் நடுவுக்குப் போய் நின்றுகொள்ளும். டெம்பரேச்சர் முள்ளும் நடுவை விட்டு நகராத ஜாதி.

இந்தக் காரை வைத்திருப்பவர்கள் சும்மா இருக்கிற ஆட்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் கையில் ஸ்பானர். கம்பெனி மீட்டரையே கழற்றி, உள்ளே ஓரிரு பாகங்களை மாற்றி, முள்ளை நிஜமாக அசைய வைத்தார்கள் ஒரு கூட்டத்தார். ‘அதெல்லாம் எதற்கு, கடையில் புது மீட்டர் வாங்கிப் பக்கத்தில் மாட்டிக்கொள்’ என்றார்கள் இன்னொரு கூட்டத்தார். முப்பது வருஷமாக இந்த வழக்கு ஓடுகிறது.

மஸ்டா இந்தியாவில் கார் விற்றதில்லை. காரைக்காலில் வீட்டுக்கு வீடு பிரான்ஸ் உறவு உண்டு. பாரிஸ் பக்கம் இருக்கும் மச்சானிடம் சொல்லி ஒன்றை அனுப்பச் சொல்லலாமே என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: மூன்று வருஷத்துக்கு மேல் பழைய காரை இந்தியாவில் இறக்குமதி செய்ய முடியாது. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். பிரான்ஸ் கார்களுக்கு அது இடது பக்கம். ஆசை அத்துடன் முடிந்தது.

ஆனால் பி.ஒய்.-02 நம்பர் பிளேட்டோடு ஓடுவதற்கு நம் ஊர் ‘ஸ்போர்ட்ஸ் கார்’கள் இல்லாமல் இல்லை. பழைய ஃபியட் பாலியோ 1.6, போலோ ஜி.டி., ஆக்டேவியா வி.ஆர்.எஸ்., அபார்த் புன்டோ. செகண்ட் ஹேண்டில் ஆசையாக வாங்கி, மனைவிக்குத் தெரியாமல் செலவு செய்கிற ரகம். வயதான கார், வேகமான இன்ஜின், டெல்டா வெயில். முள்ளைப் பற்றிய கேள்வி இவர்களுக்குத்தான் நிஜமான கேள்வி.

முதல் வழியை எடுத்துக்கொள்வோம்: கம்பெனி மீட்டரையே திருத்துவது. இதன் அழகு, வெளியே எதுவும் தெரியாது என்பதுதான். டாஷ்போர்டு பிறந்த மேனிக்கு அப்படியே இருக்கும். ஓட்டை போட வேண்டாம், வயர் இழுக்க வேண்டாம். எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவருக்குப் பொருள் செலவு டீக்காசுதான். முள் உயிர் பெற்றுவிடும். காலையில் மெதுவாக ஏறும், ஃபேன் போட்டால் இறங்கும், ஏ.சி. போட்டால் கொஞ்சம் தூக்கும். ரசிகர்களுக்கு அது ஒரு சுகம்.

அதன் வில்லங்கங்களும் அங்கேயே இருக்கின்றன. இருபது வருஷ பிளாஸ்டிக் கிளிப்புகள் கை பட்டாலே ஒடியும். முள்ளைப் பிடுங்கிச் சொருகினால் பழைய இடத்தில் உட்காராது. மீட்டர் பெட்டியைத் திறந்த அடையாளம் இருந்தால், நாளைக்குக் கார் வாங்க வருகிறவர் முதலில் கேட்கப்போவது டெம்பரேச்சரைப் பற்றி அல்ல, “கிலோமீட்டரைக் குறைச்சிருக்கீங்களா?” என்றுதான். என்ன விளக்கினாலும் அவர் முகத்தில் சந்தேகம் போகாது. எல்லாமே மென்பொருளில் இருக்கும் புது கார்களில் இந்த வேலையைக் கையால் செய்யவும் முடியாது.

இதைவிடப் பெரிய விஷயம், திருத்திய பிறகு முள் காட்டுவதற்கு அர்த்தம் மாறிவிடுகிறது. முன்பு நடு என்றால் நலம். இப்போது நடு என்றால் 88-ஆ, 97-ஆ? ‘எச்’ எழுத்துக்குக் கீழே அரை அங்குலம் என்றால் பயப்படலாமா? கம்பெனி போட்ட கோடுகள் அப்படியே இருக்க, அவற்றின் அகராதி மட்டும் மாறிப்போகிறது. புது அகராதி திருத்தியவர் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

இரண்டாவது வழி, தனி மீட்டர் மாட்டுவது. வி.டி.ஓ., ஆட்டோமீட்டர், டெஃபி என்று பெயர் பெற்றவை இருக்கின்றன. வட்டத்தின் குறுக்களவு பெரும்பாலும் 52 மில்லிமீட்டர். உலகம் முழுவதும் இதுதான் வழக்கமான அளவு. நம் கோயம்புத்தூரின் பிரிக்கால், வாகன மீட்டர்கள் செய்வதில் இந்தியாவின் பெரிய பெயர்களில் ஒன்று. எண்கள் தெளிவாக இருக்கும், முள் நேர்மையாக அசையும், சிலவற்றில் குறிப்பிட்ட சூடு தாண்டினால் விளக்கோ பஸ்ஸரோ அலறும். கம்பெனி மீட்டர் தன் பாட்டுக்கு அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எந்த விவரமும் மாறுவதில்லை. நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

ஆனால் மீட்டர் எவ்வளவு ஒசத்தி என்பதைவிட, அதன் சென்சார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். பெரும்பாலான மெக்கானிக்குகள் சுலபமான வழியைப் பிடிப்பார்கள். ரேடியேட்டருக்கு மேலே போகும் ஹோஸை வெட்டி, நடுவில் ஒரு அலுமினியக் குழாய்த் துண்டைச் சொருகி, அதில் சென்சாரை முறுக்கிவிடுவார்கள். பல கார்களில் அந்த ஹோஸ் தெர்மோஸ்டாட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டால், இன்ஜின் உள்ளே கொதிக்கும். கூலன்ட் அந்த ஹோஸுக்கே வராது. புது மீட்டர் ‘குளுகுளு’ என்று காட்டிக்கொண்டிருக்கும். எதற்குப் பயந்து காசு போட்டோமோ, அதையே அது காட்டாது. சென்சார் இன்ஜின் ஹெட்டுக்குப் பக்கத்தில், தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். கஷ்டமான வேலைதான். ‘அங்கதான் வேணும்’ என்று ஒற்றைக்காலில் நிற்பதில் தப்பில்லை.

அந்தக் குழாய்த் துண்டுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் என்பதையும் மறந்துவிடுவார்கள். ஒற்றை வயர் சென்சாருக்குத் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் கிடைக்க வேண்டும். ரப்பரில் எங்கிருந்து கிடைக்கும்? தனியாக ஒரு எர்த் வயர் போட வேண்டும். பிளம்பர் சுற்றுகிற வெள்ளை டேப்பை மரையில் தாராளமாகச் சுற்றினாலும் இதே கதைதான்.

இங்கேதான் காரைக்கால் தன் கையைக் காட்டும். இந்த சென்சார்களின் குணம், சூடு ஏற ஏற மின்தடை குறையும். தடை குறைந்தால் முள் ஏறும். கடற்கரை ஊரில் எர்த் இணைப்பு பச்சை பூத்து, துரு ஏறி, அங்கே தடை கூடிவிட்டால் என்ன ஆகும்? மொத்தத் தடை கூடுகிறது. மீட்டர் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. உப்புக் காற்று முள்ளை மேலே தள்ளினால்கூடப் பரவாயில்லை, வீணாக ஒரு நடை மெக்கானிக்கிடம் போய் வருவோம். அது கீழேதான் இழுக்கிறது. திருமலைராயன்பட்டினம், கோட்டுச்சேரி பக்கம் கடலுக்கு அருகில் வீடு இருந்தால், வருஷத்துக்கு ஒரு முறையாவது அந்த இணைப்பைக் கழற்றி உப்புத் தாளால் தேய்த்து மாட்டுவது, மூவாயிரம் ரூபாய் மீட்டரை ஆறாயிரம் ரூபாய் மீட்டராக மாற்றுவதைவிட உருப்படியான வேலை.

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த பாடம். படகு இன்ஜினுக்குத் தண்ணீர்ச் சூடு, ஆயில் பிரஷர் இரண்டுக்கும் மீட்டர் உண்டு. அவற்றை உற்றுப் பார்க்க ஓர் ஆளும் உண்டு. கரையிலிருந்து பல மைல் தள்ளி இன்ஜின் நின்றால் ஓரமாக நிறுத்திவிட்டு ஆட்டோ பிடிக்க முடியாது. அதனால் எண்ணைப் பார்க்கிற பழக்கம் அவர்களிடம் தானாக வந்துவிட்டது. காரில் அந்தப் பழக்கம் யாருக்கும் இல்லை. திருத்திய மீட்டரானாலும் தனி மீட்டரானாலும், அதை யார் பார்க்கப்போகிறார் என்ற கேள்வியைக் கார்ப் பிரியர்கள் கேட்பதே இல்லை.

ஒரு வீட்டுக் காரை எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வார நாளில் கணவர், பிள்ளையை டியூஷனில் விட மனைவி, கல்யாணத்துக்குப் போனால் மைத்துனர், வேளாங்கண்ணிக்கோ சென்னைக்கோ போனால் ஆக்டிங் டிரைவர். இவர்களில் ஒருவருக்கு மட்டும்தான் ‘நடுவுக்கு மேலே ஒரு நூல் போனா பரவாயில்லை, அது ஃபேன் போடுற இடம்’ என்று தெரியும். மற்ற எல்லோருக்கும் நடு என்றால் நலம், ஏறினால் ஆபத்து. முள்ளைத் திருத்தியவர் ஊரில் இல்லாத அன்று, தங்கை காரை எடுத்துக்கொண்டு நாகூர் தர்காவுக்குப் போகிறார். வாஞ்சூர் பக்கம் லாரிகள் வரிசை கட்டி நிற்க, முள் மேலே ஏறுகிறது. பழுது ஒன்றும் இல்லை. ஆனால் அவர் நடுரோட்டில் இன்ஜினை நிறுத்திவிட்டு, பதறிப்போய் போன் செய்வார். இரண்டு முறை அப்படி நடந்து ‘அது அப்படித்தான்மா, விடு’ என்று சமாதானம் சொல்லிவிட்டால், மூன்றாவது முறை நிஜமாகவே கொதிக்கும்போது அவர் விட்டுவிடுவார்.

கம்பெனி முள்ளின் அசைவற்ற நிலை இவர்களுக்காகச் செய்தது. குறை உள்ள ஏற்பாடுதான். ஆனால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கிற உண்மை, படிக்கத் தெரிந்த ஒருவருக்கு மட்டுமே பயன்படும். அதனால் பலர் ஓட்டும் காரில் கம்பெனி மீட்டரில் கை வைக்காமல், பக்கத்தில் இன்னொன்றைச் சேர்ப்பதே நல்லது. ஒருவர் மட்டுமே எடுக்கும் ஞாயிற்றுக்கிழமை கார் என்றால், எலெக்ட்ரானிக்ஸ் கை வந்த ஆள் என்றால், திருத்திக்கொள்ளட்டும். விற்கும்போது ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

வயரில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டியது இன்னொன்று இருக்கிறது. இந்தியாவில் 2010 ஏப்ரலில் பி.எஸ்.-4 விதிகளோடு ஓ.பி.டி. என்ற சுய பரிசோதனை வசதி கட்டாயமாக வந்தது. 2013 ஏப்ரலில் இருந்து அதன் இரண்டாம் கட்டம். ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் ஒரு பிளக் இருக்கும். அதில் சொருக, புளூடூத்தில் போனோடு பேசும் சின்னக் கருவி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. போனில் ஒரு ஆப் போட்டால், இன்ஜின் கம்ப்யூட்டர் தனக்காக வைத்துக்கொண்டிருக்கும் நிஜமான கூலன்ட் வெப்பநிலை எண்ணாக வந்து நிற்கும். முள்ளுக்கு மட்டும்தான் முகமூடி. கம்ப்யூட்டருக்கு எப்போதுமே உண்மை தெரியும். 105 டிகிரியைத் தாண்டினால் கத்து என்று போனுக்குச் சொல்லி வைக்கலாம். முள்ளே இல்லாத ஹோண்டாக்காரர்களுக்கும் இது உதவும்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. வண்டியை நிறுத்திய பிறகும் கருவியை அதிலேயே விட்டால் நாளாவட்டத்தில் பேட்டரி இறங்கும். ஓட்டும்போது போனை நோண்டக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்கு நேராக ஸ்டாண்டில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். ஒரு வாரம் பார்த்தாலே உங்கள் காரின் சுபாவம் தெரிந்துவிடும். நெரிசலில் எவ்வளவு ஏறுகிறது, நெடுஞ்சாலையில் எங்கே நிற்கிறது, ஏ.சி. போட்டால் என்ன ஆகிறது. அந்த ஒரு வாரம் முடிந்த பிறகும் தனி மீட்டர் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். பலருக்குத் தோன்றாது.

தனி மீட்டர் வாங்கினால், முன் கண்ணாடித் தூணில் மாட்டும் கிண்ணங்களைத் தவிர்த்துவிடுங்கள். பந்தயக் கார் மாதிரி ஜோராகத்தான் இருக்கும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் அந்தத் தூணுக்குள்ளிருந்துதான் துணி விரியும்; அந்த வேகத்தில் மீட்டர் முகத்தை நோக்கிப் பறக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே, கியருக்கு முன்னால் இடமிருந்தால் அங்கே போதும். பஸ்ஸர் உள்ளதாகப் பார்த்து வாங்குவது முக்கியம். காது எப்போதும் திறந்திருக்கும். கண் சாலையில் இருக்க வேண்டும்.

எந்த மீட்டருக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. கூலன்ட் மொத்தமும் ஒழுகிப்போனால், சென்சார் தொட்டுக்கொண்டிருப்பது வெறும் காற்று அல்லது நீராவி. அப்போது முள் ஏறாமல் இருக்கலாம், இறங்கவும் செய்யலாம். வெயிலில் நெரிசலில் நிற்கும்போது முள் திடீரென்று ‘சி’ பக்கம் விழுந்தால், சந்தோஷப்படாமல் உடனே ஓரம் கட்டுங்கள். ஏறினால் என்ன செய்வது என்பது பலருக்குத் தெரியும், இருந்தாலும்: ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஜன்னல்களை இறக்கி, இடம் கிடைத்ததும் நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 115, 120 வரை தாக்குப்பிடிக்கிறது. திறந்த நொடியில் அழுத்தம் போகும், உள்ளே இருப்பதெல்லாம் கொதித்துக்கொண்டு முகத்தில் வரும். அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

பிறகு ஊற்றுவது என்ன தண்ணீர்? பக்கத்து அடிபம்புத் தண்ணீர்தான் வழக்கம். கடலோரத்து நிலத்தடி நீரில் உப்பு. அது அலுமினியத்தை அரிக்கும், ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும். அன்றைக்கு வீடு போய்ச் சேர அது உதவட்டும். மறுநாளே அதை முழுதாக வடித்துவிட்டு, சரியான கூலன்ட் ஊற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக, திருத்திய மீட்டரையோ புது மீட்டரையோ நம்புவதற்கு முன் சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி. காரைக்கால்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கடல் மட்டத்தில் இருக்கும் ஊர் என்பதால் இங்கே தண்ணீர் சரியாக 100 டிகிரியில் கொதிக்கும். இதையே ஊட்டியில் செய்தால் 93-ஐ ஒட்டியே கொதித்துவிடும், கணக்குத் தப்பும். வீட்டில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, அடுப்பைக் காருக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் பாத்திரத்தை மட்டும் எடுத்துப்போங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். கழற்றிய சென்சாரை வயரோடும் எர்த்தோடும் சேர்த்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, கூடவே ஒரு சமையல் தெர்மாமீட்டரையும் போடுங்கள். சாவியைத் திருப்பி, முள் நிற்கும் இடத்தைப் போனில் படம் எடுங்கள். தண்ணீர் ஆற ஆற 95, 90, 80 என்று இன்னும் மூன்று படங்கள். கொண்டுவருவதற்குள் இரண்டு மூன்று டிகிரி ஆறியிருக்கும். தெர்மாமீட்டர் காட்டுவதையே எழுதிக்கொள்ளுங்கள். நான்கு படங்களும் அந்தக் காரை ஓட்டுகிற எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

அந்தப் பாத்திரத்தை மட்டும் திரும்ப அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள். சென்சாரில் ஒட்டியிருக்கும் கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. நாக்குக்கு இனிக்கும் விஷம் அது. தண்ணீரைத் தெரு நாயும் பூனையும் நக்க முடியாத இடத்தில் கொட்டிவிட்டு, பாத்திரத்தை ஸ்பானர்களோடு சேர்த்து ஷெட்டிலேயே வைத்துவிடுங்கள்.